ஹைதராபாத்தில் ராஸ்பெர்ரி வளருமா? கன்று வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கச்சிபௌலி, மியாப்பூர் பக்கம் வீடு எடுத்து, பின்னால் நாலு அடி மண் கிடைத்ததும் பலருக்கும் ஒரு ஆசை வரும். சூப்பர்மார்க்கெட்டில் குட்டி டப்பா அந்த விலைக்கு விற்கிற ராஸ்பெர்ரியை நாமே வளர்த்தால் என்ன? கன்று ஆன்லைனிலேயே கிடைக்கிறது. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒன்றைக் கவனியுங்கள்: ஹைதராபாத்தில் இந்தச் செடியைத் தோற்கடிப்பது மே மாத வெயில் மட்டும் இல்லை, குளிர் போதாத ஜனவரியும்தான்.

குளிர் எதற்கு?

சிவப்பு ராஸ்பெர்ரியின் வேர் பல வருஷம் இருக்கும். ஆனால் மண்ணிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தண்டுக்கும் ஆயுள் இரண்டு வருஷம்தான். முதல் வருஷம் வளரும், குளிர்காலத்தில் உறங்கும், அடுத்த வருஷம் காய்த்துவிட்டுப் பட்டுப்போகும். அந்த உறக்கம் கலைந்து மொட்டு விழிக்க, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம் வேண்டும். பல ரகங்களுக்கு 800 மணி நேரத்துக்கும் மேல். ஹைதராபாத்தின் ஜனவரி இரவுச் சராசரியோ 15 டிகிரிக்குப் பக்கம். 'ஹெரிடேஜ்' போல முதல் வருஷத் தண்டிலேயே காய்க்கும் ரகங்களுக்குக் குளிர் குறைவாகப் போதும். ஆனால் 40 டிகிரி கோடையை அவையும் தாங்குவது கஷ்டம்.

அப்போ திராட்சை மட்டும் எப்படி?

நியாயமான கேள்வி. திராட்சையும் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் கொடிதான். ஆனாலும் 'அனாப்-இ-ஷாஹி' ரகத்துக்குப் பேர்போன ஊர் ஹைதராபாத். ராஜேந்திரநகரில் திராட்சைக்கென ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சூட்சுமம் கவாத்தில். ஏப்ரலில் ஒட்ட வெட்டினால் புதுக் கிளை வரும். அக்டோபரில் அதே கிளையைக் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டினால் பூ வரும். பனிக்காலம் செய்ய வேண்டிய வேலையை இங்கே கத்தரி செய்கிறது. சிவப்பு ராஸ்பெர்ரியிடம் இந்த வித்தை பலிக்காது. வெட்டினால் தழைக்கும், பூப்பதற்குக் குளிர்தான் கேட்கும்.

முயன்று பார்க்கக்கூடிய செடி

நம்ம பக்கத்து உறவு ஒன்று இருக்கிறது: மைசூர் ராஸ்பெர்ரி. நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் தானாகவே வளரும், பழம் கருஊதா நிறம். இதற்குக் குளிர் மணிக்கணக்கு தேவையில்லை என்பதால் தெற்கு ஃப்ளோரிடாவில் வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். ஹைதராபாத்தின் வறண்ட கோடை இதற்கும் சோதனைதான். மதிய நிழலும், வேரடியில் காய்ந்த சருகு மூடாக்கும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

மழை பிடித்த பிறகு, ஜூன் கடைசியில் அல்லது ஜூலையில், ஒரு சாயங்காலம் நடுங்கள். களிமண்ணாக இருந்தால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அரை அடி மேடு கட்டி, மண்புழு உரம் கலந்து அதன்மேல் வையுங்கள். ஏற்கெனவே உள்ள செடியை இடம் மாற்றுவதானால், வேரில் மண் உதிராமல் எடுத்து, தண்டை ஒரு அடிக்கு வெட்டிவிடுங்கள். அறுபட்ட வேரால் பழைய உயரத்துக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது. வெட்ட மனசு வராமல் அப்படியே நடுகிறவர்கள்தான் அதிகம். செடி வாடுவதும் பெரும்பாலும் அதனால்தான்.

கவாத்தில் முக்கியமானது ஆளை மாற்றி வெட்டாமல் இருப்பது. காய்த்து முடித்த தண்டு பழுப்பேறி, பட்டை உலர்ந்திருக்கும். அதை அறுவடை முடிந்ததும் தரைமட்டத்தில் வெட்டுங்கள். வெள்ளைப் பூச்சு அடித்த மாதிரி இருக்கும் இளம் தண்டுதான் அடுத்த விளைச்சல். அதில் தடித்த நாலைந்தை மட்டும் விட்டு, மூன்றடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் விடும். முள் கிழிக்கும், தடித்த கையுறை அவசியம்.

வளைந்த நுனி மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விடும். புதுக் கன்று எடுக்க அதுவே சுலபமான வழி. கவனிக்காமல் விட்டால் புதராகிவிடும். கலாபகஸ் தீவுகளில் இந்தச் செடி பெரிய ஆக்கிரமிப்புக் களையாகிவிட்டது. அதனால் கம்பியில் கட்டி நிறுத்துங்கள்.

வாங்கும்போது லேபிளில் வெறும் 'ராஸ்பெர்ரி' என்று மட்டும் போட்டிருந்தால் தாவரவியல் பெயரைக் கேளுங்கள். 'ரூபஸ் ஐடியஸ்' என்றால் குளிர்தேசச் செடி. உங்களுக்கு வேண்டியது 'ரூபஸ் நிவியஸ்'.