யார்க் நகரத்தின் ஏழையர் கணக்கு

ஏழ்மை ஊழின் பயன் என்றும், ஏழைக்கு ஈவது புண்ணியம் தேடுவோரின் விருப்பம் என்றும் பேசுவோர் நம்மிடையே இன்றும் உளர். அன்னார்க்கு நாம் வட இங்கிலாந்திலுள்ள யார்க் நகரத்தின் கணக்கைக் காட்ட விரும்புகின்றோம். ஒரே ஊரின் ஏழைகளை ஒரே மனிதர் ஏறத்தாழ அரை நூற்றாண்டில் மும்முறை எண்ணிப் பார்த்த செய்தி சரித்திரத்தில் அரிது.

அம்மனிதர் ஸீபோம் ரவுண்ட்ரீ. கோகோ ஆலை முதலாளி ஒருவரின் மைந்தர். 1899-ஆம் ஆண்டில் 11,560 தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி வீடுதோறும் விசாரணை நடத்துவித்தார். உடல் இயங்குதற்கு வேண்டிய உணவு, வாடகை, உடை, அடுப்பெரிக்கும் பொருள் ஆகியவற்றை மட்டும் கூட்டி, பெற்றோரும் மூன்று குழந்தைகளும் அடங்கிய குடும்பத்திற்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று ஒரு கோடு கிழித்தார். அக்கோட்டின்மேல் நிற்கும் குடும்பம் வண்டிக் கூலி கொடுத்தலாகாது, செய்தித்தாள் வாங்கலாகாது, தந்தை புகை பிடித்தலாகாது, குழந்தைக்கு ஒரு பொம்மையும் கூடாது. இத்துணை இறுக்கிக் கிழித்த கோட்டிற்கும் கீழே நகர மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் கிடந்தனர். வருவாய் கோட்டை எட்டியும் பிற செலவால் வறுமையுற்றோரைச் சேர்த்தால் நூற்றுக்கு 28 பேர். கோட்டிற்குக் கீழ்ப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோர், குடும்பத் தலைவன் ஒழுங்காக வேலை செய்தும் கூலி போதாமையால் வாடியவர்களே. சோம்பேறிகள் என்று அவர்களை ஏசிய கனவான்கள் இதற்கு என்ன விடை கூறினரோ, அறியோம்.

அவர்கட்கு அந்நாளில் இருந்த புகலிடம் 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் வகுத்த விடுதி. வெளியே உழலும் கடைசிக் கூலியாளின் வாழ்வினும் விடுதி வாழ்வு தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் கொள்கை. உள்ளே புகுந்த கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்தனர். பசியினும் அவ்விடுதிக்கே மக்கள் பெரிதும் அஞ்சினர்.

1908-ஆம் ஆண்டின் முதியோர் உதவிச் சட்டம் வேறு நெறியில் சென்றது. 70 வயது நிரம்பிய, வருவாய் குறைந்த முதியோர்க்கு 1909 ஜனவரி முதல் வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. பணம் பொது வரியிலிருந்து வந்தது. கொடுத்த இடமோ தபால் ஆபீஸ். தபால் தலை வாங்கச் செல்வோர் நிற்கும் இடத்திலேயே கிழவியும் நின்று, எவர் காலிலும் விழாது தன் பணத்தைப் பெற்றுச் சென்றாள். ஏழையர் சட்ட உதவி பெற்றோரைத் தொடக்கத்தில் விலக்கி வைத்த குறை ஒன்று இருந்தது. 1911-இல் அது நீங்கிற்று.

அவ்வாண்டில் வந்த இன்ஷ்யூரன்ஸ் சட்டம் அத்தகையதன்று. நோய்க்கால உதவிக்கென வாரந்தோறும் தொழிலாளியிடம் 4 பென்ஸ், முதலாளியிடம் 3 பென்ஸ், சர்க்காரிடம் 2 பென்ஸ் பெற்றனர். நலமுற்ற தொழிலாளியின் காசு நோயுற்ற தொழிலாளிக்குச் சென்றது. செல்வனின் பெட்டி அதனால் பெரிதும் குறையவில்லை. 1942-இல் பெவரிட்ஜ் வகுத்த புகழ்பெற்ற திட்டமும் சந்தாவை எல்லார்க்கும் ஒரே அளவாகவே விதித்தது. ஏழ்மையைத் தணிப்பது வேறு, ஏற்றத்தாழ்வைச் சுருக்குவது வேறு என்பதை நம் சீர்திருத்தக்காரர்களும் பல வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

ரவுண்ட்ரீ 1936-இல் கோட்டை உயர்த்தி மீண்டும் எண்ணினார். தொழிலாளரில் நூற்றுக்கு 31 பேர் ஏழைகள். 1950-இல் மூன்றாம் முறை எண்ணியபோது நூற்றுக்கு மூவர்கூட இல்லை! குழந்தைப்படி, இன்ஷ்யூரன்ஸ், தேசிய உதவி என்னும் புதிய சட்டங்களே இதற்குப் பெருங்காரணம் என்றார். நாம் அதனை முழுவதும் ஒப்புவதற்கில்லை. இடையில் வந்த போர் வேலையின்மையைப் போக்கியிருந்தது. பிற்கால ஆராய்ச்சியாளர் எஞ்சியிருந்த விசாரணைத் தாள்களை மீண்டும் கணக்கிட்டு, ஏழ்மை அவர் கூறிய அளவு குறையவில்லை என்றும், சட்டங்களால் விளைந்த நன்மையில் பெரும்பகுதி உணவு விலையைக் குறைக்கச் சர்க்கார் கொடுத்த மானியத்தால் வந்தது என்றும் கண்டனர்.

மூன்றாம் கணக்கிலும் எஞ்சிய ஏழைகளில் மூன்றில் இரு பங்கினர்க்கு முதுமையே காரணம். 1948 முதல் அவர்கட்காகத் தேசிய உதவி இருந்தது. ஆனால் அதனைப் பெறுதற்கு வருவாய் விசாரணைக்கு உட்பட வேண்டும். அதில் பழைய விடுதியின் வாடை வீசிற்று. 1965-இல் சர்க்காரே நடத்திய விசாரணையில், உதவிக்கு உரிமையுடைய முதியோரில் பல லட்சம் பேர் அதனைக் கேளாதேயிருந்தமை தெரிய வந்தது. மறு ஆண்டு அவ்வுதவியின் பெயரை மாற்றி, அது சட்டப்படி உரியது என்று எழுதினர். வருவாய் விசாரணையை மட்டும் அவர்கள் கைவிடவில்லை.