சிமோன் கியேர்

சிமோன் கியேர் டென்மார்க்கைச் சேர்ந்த முன்னாள் கால்பந்து வீரர், நடுத் தடுப்பாட்டக்காரர். 26 மார்ச் 1989 அன்று யூட்லாந்து தீபகற்பத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள ஹோர்சன்ஸ் நகரில் பிறந்தார். தாய்நாட்டுக் கழகத்தில் ஓராண்டுக்கும் குறைவாக முதல் அணியில் ஆடியபின் 19ஆம் வயதில் வெளிநாடு சென்றவர். தொழில்முறை வாழ்வின் எஞ்சிய 16 ஆண்டுகளையும் இத்தாலி, ஜெர்மனி, பிரான்சு, துருக்கி, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் கழித்தார். டென்மார்க் தேசிய அணிக்காக 132 ஆட்டங்கள் ஆடி 5 கோல் அடித்துள்ளார். 2016 முதல் பல ஆண்டுகள் அதன் தலைவராக இருந்தார். தடுப்பாட்டக்காரர்களைப் பற்றிய பதிவுகள் பொதுவாக மெலிந்தவை. தடுக்கப்பட்ட கோல் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. கியேர் விஷயத்தில் இது அப்படியே பொருந்தும், 2021ஆம் ஆண்டின் கோடைக்காலம் நீங்கலாக.

கியேரின் இளமைக்காலம் எஃப்.சி. மிட்யூலாந்து கழகத்தோடு பிணைந்தது. இகாஸ்ட், ஹெர்னிங் நகரங்களின் இரு கழகங்கள் 1999இல் ஒன்றாகி உருவான இக்கழகம் 2004இல் ஒரு பயிற்சிக்கூடத்தைத் திறந்தது. டென்மார்க்கில் இவ்வகையில் இதுவே முதலாவது எனப்படுகிறது. அதன் தொடக்க மாணவர்களில் ஒருவர் கியேர். அவர் தேர்வான விதம் குறித்து ஒரு கதை உண்டு. ஓர் இடம் காலியாக இருந்தது. பையனின் தந்தை கழகத்திலேயே விளையாட்டுப் பொருள்களைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். அதனால் கடைசி ஆளாக அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். சில மாதங்கள் கழித்து, இந்த மாணவர்களில் எதிர்காலத்தில் உச்சத்துக்குப் போகக்கூடிய ஐவரின் பெயரை எழுதித் தரும்படி பயிற்சியாளர்களிடம் கேட்டபோது, ஒருவர் தாளிலும் கியேரின் பெயர் இல்லை. இதைப் பரவலாக்கியவர் அங்கே பயிற்சியாளராக இருந்து பின்னாளில் அக்கழகத்தின் தலைவரான ராஸ்முஸ் ஆங்கர்சன். திறமையைக் கண்டறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு அவர் இதை எடுத்துக்காட்டாக்கினார். கதை பெரும்பாலும் அவர் ஒருவர் வாய்வழியே வருவதால் நுணுக்கங்களை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். ஆயினும் அந்த வகுப்பிலிருந்து உலகறிந்த பெயராக வளர்ந்தவர் கியேர்தான் என்பதில் ஐயமில்லை.

2007–08 பருவத்தில் முதல் அணியில் இடம்பெற்றார். அப்பருவத்தில் மிட்யூலாந்து டென்மார்க் லீகில் இரண்டாமிடம் பெற்றது. 2008இல் இத்தாலியின் பலெர்மோ கழகம் சுமார் 40 லட்சம் யூரோ கொடுத்து அவரை வாங்கியது.

சிசிலித் தீவின் தலைநகரில் கழித்த இரு பருவங்கள் கியேரை ஐரோப்பா அறியச் செய்தன. கழக உரிமையாளர் மௌரிட்சியோ சம்பரினி பயிற்சியாளர்களை அடிக்கடி நீக்குவதற்குப் பேர்போனவர். ஆனால் யார் பயிற்சியாளராக வந்தாலும் பத்தொன்பது வயது டேனிஷ்காரர் அணியில் இருந்தார். எடின்சன் கவானி, ஹவியேர் பஸ்தோரே, ஃபப்ரிசியோ மிக்கோலி முன்னே ஆட, கியேர் பின்னே நின்ற 2009–10 பருவத்தில் பலெர்மோ ஐந்தாமிடம் பிடித்தது. தடுப்பாட்டத்தை ஒரு கல்வியாகவே கருதும் இத்தாலியில் இளமையில் பயின்றதன் தடம் அவர் ஆட்டத்தில் கடைசிவரை இருந்தது. அவர் ஒருபோதும் மிக வேகமானவர் அல்லர். பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டிக் கணித்து அங்கே நிற்பதே அவர் பலம். வலக்காலால் களத்தின் மறுகோடிக்கு அனுப்பும் நீண்ட பாஸ்களும் அவருக்கே உரியவை.

அடுத்த மூன்றாண்டுகள் சறுக்கல். 2010இல் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் சுமார் 1.2 கோடி யூரோவுக்கு அவரை வாங்கியது. ஒரே பருவத்தில் பயிற்சியாளர்கள் மாறினர், முன்னணி கோல் வீரர் எடின் ஜெக்கோ இடையிலேயே விற்கப்பட்டார், அணி கீழ்ப்பிரிவுக்கு விழாமல் மயிரிழையில் தப்பி 15ஆம் இடத்தில் முடித்தது. 2011–12இல் இரவலாக ரோமா சென்றார். பலெர்மோவில் அவரை அறிந்திருந்த வால்டர் சபத்தீனி அப்போது ரோமாவின் விளையாட்டு இயக்குநர். அங்கே அவர் பெயர் நினைவுகூரப்படுவது ஒரு தோல்விக்காக. 2011 அக்டோபரில் லாட்சியோவுக்கு எதிரான நகர்ப் போட்டியில் கியேர் பெனால்டி விட்டுக்கொடுத்துச் சிவப்பு அட்டையும் பெற்றார். ரோமா 1–2 எனத் தோற்றது. நிரந்தரமாக வாங்கும் வாய்ப்பை ரோமா பயன்படுத்தவில்லை. மீண்டும் வோல்ஃப்ஸ்பர்க்கில் ஒரு பருவம்.

2013இல் பிரான்சின் லீல் கழகம் ஏறத்தாழ 20 லட்சம் யூரோவுக்கு அவரைப் பெற்றது. மூன்றாண்டுக்கு முந்தைய விலையில் ஆறில் ஒரு பங்கு! அக்கழகத்துக்கு இது நல்ல வியாபாரம். ரெனே ஷிரார் பயிற்றுவித்த அந்த அணி, கோல் அடிப்பதைவிடக் கோல் வாங்காமல் இருப்பதில் வல்லது. 2013 இலையுதிர்காலத்தில் நைஜீரிய கோல்கீப்பர் வின்சென்ட் எனியாமா 1,062 நிமிடங்கள் ஒரு கோலும் வாங்காமல் இருந்து பிரெஞ்சு லீகின் சாதனையை நெருங்கினார். புகழ் கோல்கீப்பருக்குச் சென்றது, அது முறையே. எனினும் அவருக்கு முன்னால் நின்ற இணை கியேரும் மான்டினெக்ரோவின் மார்கோ பாஷாவும். அப்பருவத்தில் லீல் மூன்றாமிடம் பெற்றது.

2015இல் இஸ்தான்புல்லின் ஃபெனர்பாச்சே. ராபின் வான் பெர்சி, நானி ஆகியோர் சேர்ந்த அதே கோடையில் கியேரும் சேர்ந்தார். முதல் பருவத்தில் அணி பெஷிக்தாஷுக்கு அடுத்து இரண்டாமிடம். 2017இல் ஸ்பெயினின் செவியா சுமார் 1.25 கோடி யூரோ கொடுத்தது. அப்பருவத்தில் செவியா சாம்பியன்ஸ் லீக் காலிறுதியை எட்டியது. 2019இல் இத்தாலியின் அத்தலாந்தாவுக்கு இரவலாகச் சென்றவர், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே ஆடினார்.

தேசிய அணியில் அவர் பாதை இவ்வளவு மேடுபள்ளமானதல்ல. 6 ஜூன் 2009 அன்று ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனை 1–0 என வென்ற உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டமே அவருடைய முதல் ஆட்டம். அண்டை நாட்டை அவர்கள் மண்ணிலேயே வீழ்த்திய நாளில் 20 வயது இளைஞர் ஒருவர் தடுப்பு வரிசையில் அறிமுகமானது டென்மார்க்கில் நினைவில் நின்றது. மோர்டன் ஓல்சன் பயிற்சியின்கீழ், லிவர்பூலின் டேனியல் அகருடன் இணைந்து 2010 உலகக் கோப்பையிலும் 2012 யூரோவிலும் ஆடினார். ஓகே ஹாரெய்டே பொறுப்பேற்றபின் 2016இல் அணித்தலைவரானார். 2018 உலகக் கோப்பையில் குரோவாசியாவுக்கு எதிரான இரண்டாம் சுற்று ஆட்டம் பெனால்டிகளில் முடிவானபோது, கியேர் தன் பெனால்டியைப் போட்டார், அணி தோற்றது. 14 அக்டோபர் 2020 அன்று வெம்பிளியில் இங்கிலாந்தை 1–0 என வென்றது அவருடைய நூறாவது ஆட்டம். கிறிஸ்டியன் எரிக்சனுக்கும் அதே ஆட்டம் நூறாவது. கோலை அடித்தவரும் அவரே. அப்போது இருவரும் மிலான் நகரில் எதிரெதிர்க் கழகங்களில் ஆடிக்கொண்டிருந்தனர். கியேர் ஏ.சி. மிலானில், எரிக்சன் இன்டரில்.

2020 ஜனவரியில் ஏ.சி. மிலான் கியேரை இரவலாகப் பெற்றது. அதே நேரம் மாத்தியா கல்தாரா அத்தலாந்தாவுக்குச் சென்றார். சில வாரங்களுக்கு முன் அதே அத்தலாந்தாவிடம் 0–5 என அடிவாங்கிய மிலானுக்கு, அங்கே இடம் கிடைக்காத முப்பது வயதுத் தடுப்பாட்டக்காரர் மருந்தாவார் என்று யாரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பெருந்தொற்று இடைவெளிக்குப்பின் லீகில் எஞ்சிய 12 ஆட்டங்களிலும் மிலான் தோற்கவில்லை. கோடையில் சுமார் 35 லட்சம் யூரோவுக்கு அவரை நிரந்தரமாக வாங்கியது. 11 மார்ச் 2021 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகக் கூடுதல் நிமிடங்களில் கார்னரிலிருந்து தலையால் முட்டி 1–1 என ஆக்கினார். அப்பருவத்தில் லீகில் இரண்டாமிடம் பெற்ற மிலான், ஏழாண்டுகளுக்குப்பின் சாம்பியன்ஸ் லீகுக்குத் திரும்பியது.

கியேர் குறித்த பதிவுகளில் பெரும்பகுதி ஒரே மாலையைப் பற்றியது. 12 ஜூன் 2021, கோபன்ஹேகன், பார்க்கன் அரங்கம். தள்ளிவைக்கப்பட்டு நடந்த யூரோ 2020இல் டென்மார்க்கின் முதல் ஆட்டம், பின்லாந்துக்கு எதிராக. முதல் பாதி முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், எல்லைக்கோட்டருகே த்ரோவை வாங்கச் சென்ற எரிக்சன் யாரும் தொடாமலேயே சரிந்து விழுந்தார். முதலில் ஓடிவந்தவர்களில் ஒருவர் கியேர். அவர் எரிக்சனை ஒருக்களித்துக் கிடத்தி, மூச்சுவழி அடைபடாமல் பார்த்துக்கொண்டார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விவரம். நாக்கை விழுங்காமல் தடுத்தார், மார்பழுத்தச் சிகிச்சையைத் தொடங்கியவரே அவர்தான் என்றெல்லாம் அன்றிரவு பரவிய செய்திகள் அந்த அளவுக்கு உறுதியானவை அல்ல. அணி மருத்துவர் மோர்டன் போசன் கூறியபடி, அவர் சென்றடைந்தபோது எரிக்சனுக்கு மூச்சும் நாடியும் இருந்தன. பின்னர் நிலைமை மாறி இதயம் நின்றது. உயிர்மீட்புச் சிகிச்சை அளித்தது மருத்துவக் குழு. மின்னதிர்ச்சிக் கருவியால் ஒருமுறை அதிர்ச்சி தந்ததும் இதயம் மீண்டது.

அதன்பின் நடந்தவற்றில் கியேரின் பங்கு கேமராக்களில் தெளிவாகப் பதிந்துள்ளது. தோழர்களை எரிக்சனைச் சுற்றி வட்டமாக நிற்கவைத்தார். பலர் முதுகைக் காட்டி வெளிப்பக்கம் பார்த்தபடி நின்றதால், கிடந்தவரை அரங்கமும் தொலைக்காட்சியும் முழுமையாகப் பார்க்க முடியவில்லை. களத்துக்குள் வந்துவிட்ட எரிக்சனின் துணைவியை அவரும் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேலும் தேற்றினர். அரங்கின் ஒருபக்கம் பின்லாந்து ரசிகர்கள் “கிறிஸ்டியன்” என்று முழங்க, மறுபக்கம் டென்மார்க்கினர் “எரிக்சன்” என்று பதில் முழங்கினர்.

எரிக்சன் மருத்துவமனையில் நினைவோடு இருக்கிறார் எனத் தெரிந்தபின், அன்றிரவு எட்டரை மணிக்கு ஆட்டம் மீண்டும் தொடங்கியது. அந்த முடிவு யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. வீரர்களே கேட்டுக்கொண்டதாக ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் கூறியது. அன்றிரவோ மறுநாள் நண்பகலிலோ ஆட வேண்டும் என்ற இரண்டே வழிகள் முன்வைக்கப்பட்டதால் அதை உண்மையான தேர்வு என்று சொல்ல முடியாது என்பது டேனிஷ் தரப்பின் வாதம். பயிற்சியாளர் காஸ்பர் ஹ்யூல்மாண்ட் தாங்கள் ஆடியிருக்கக் கூடாது என்றே பின்னர் சொன்னார். பின்லாந்து 60ஆம் நிமிடத்தில் கோல் அடித்தது. 63ஆம் நிமிடத்தில் கியேர் வெளியேறினார்; நண்பனுக்கு நேர்ந்ததைக் கண்ட மனநிலையில் அவரால் தொடர முடியவில்லை என்று ஹ்யூல்மாண்ட் விளக்கினார். முடிவு 0–1.

அடுத்து பெல்ஜியத்திடமும் தோற்ற டென்மார்க், ரஷ்யாவை 4–1, வேல்ஸை 4–0, செக் குடியரசை 2–1 என வென்று அரையிறுதியை அடைந்தது. 7 ஜூலை அன்று வெம்பிளியில் இங்கிலாந்துக்கு எதிராக மிக்கெல் டாம்ஸ்கோர் ஃப்ரீ கிக்கில் முதல் கோல் அடித்தார். 39ஆம் நிமிடத்தில் புக்காயோ சாகா குறுக்கே அனுப்பிய பந்து கியேரின் காலில் பட்டு வலைக்குள் சென்றது. பதிவேட்டில் அது சேம்சைடு கோல். அவர் தொடாமல் விட்டிருந்தால் பின்னால் நின்ற ரஹீம் ஸ்டெர்லிங் போட்டிருப்பார் என்பதால் அதைத் தவறு எனக் கருதாதோர் பலர். கூடுதல் நேரத்தில் டென்மார்க் 1–2 எனத் தோற்றது.

அதே ஆகஸ்டில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் விருது கியேருக்கும் எரிக்சனைக் காத்த மருத்துவக் குழுவுக்கும் சேர்த்து அளிக்கப்பட்டது. 2021இன் பலோன் தோர் வாக்கெடுப்பில் 18ஆம் இடம் பெற்றார். அணித்தோழர்கள் பலரைவிட உயர்ந்த இந்த இடம் ஆட்டத்துக்காகவா, அந்த மாலைக்காகவா என்ற பேச்சும் எழுந்தது. இரண்டும் கலந்ததாகவே இருக்கலாம். இதயத்தில் கருவி பொருத்தப்பட்ட எரிக்சன் 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு அணியில் மீண்டும் ஆடினார்.

1 டிசம்பர் 2021 அன்று ஜெனோவாவுக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கியேரின் முழங்கால் தசைநார் கிழிந்தது. பருவத்தின் எஞ்சிய பகுதி போயிற்று. அவர் இல்லாத அந்த மாதங்களில்தான் மிலான் 11 ஆண்டுகளுக்குப்பின் இத்தாலியப் பட்டத்தை வென்றது. பருவத்தின் முதல் பாதியில் ஆடியிருந்ததால் பதக்கம் அவருக்கும் உண்டு. அவர் பெற்ற லீக் பட்டம் அது ஒன்றே.

2022 உலகக் கோப்பையில் டென்மார்க் ஒரே புள்ளியோடு முதல் சுற்றில் வெளியேறியது. 2023இல், தேசிய அணிக்காகப் பீட்டர் ஷ்மைக்கேல் ஆடிய 129 ஆட்டங்கள் என்ற நெடுநாள் சாதனையைக் கியேர் கடந்தார். மறு ஆண்டு யூரோ போட்டியின்போது எரிக்சன் அவரை முந்தினார். அந்தத் தொடரின் அணியில் கியேரும் இடம்பெற்றிருந்தார். 2024 மே மாதம் மிலானிடம் விடைபெற்றார். வேறு கழகம் எதிலும் சேரவில்லை. 2025 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார்.