தனியார் துப்பாக்கிச் சேகரிப்பு: எத்தனை போதும்?

குஜிலியம்பாறை, திண்டுக்கல் மாவட்டத்தின் வடபகுதியில் கரூர் மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர். பொதுத்தேர்தல் அறிவிக்கப்பட்டதும், மாவட்டத்தின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். தேர்தல் முடிந்தபின் அவை உரியவரிடம் திரும்பும். விலை கொடுத்து வாங்கிய பொருளாயினும், துப்பாக்கி மீது உடையவருக்குள்ள உரிமை ஓர் எல்லைக்கு உட்பட்டதே என்பதை இந்த நடைமுறை ஒவ்வொரு தேர்தலின்போதும் நினைவூட்டுகிறது.

நாணயமோ அஞ்சல்தலையோ சேர்ப்பவர், தம் சேகரிப்பு எப்போது நிறைவு பெற்றது என்பதைத் தாமே முடிவு செய்துகொள்ளலாம். துப்பாக்கி சேர்ப்பவருக்கு அந்த வாய்ப்பு நம் நாட்டில் பெரும்பாலும் இருந்ததில்லை. போர்த்தேவை, அரசாணை, அருங்காட்சியகம், சட்டம் என வேறு யாரோ ஒருவர்தாம் 'இவ்வளவு போதும்' என்று சொல்லி வந்துள்ளனர்.

திண்டுக்கல் பாளையங்கள்

மதுரை நாயக்கர் ஆட்சியில் பாளையக்காரர்கள் அழைத்தபோது படையுடன் வரக் கடமைப்பட்டவர்கள். எனவே அவர்களிடமிருந்த ஆயுதங்களின் அளவு, படைக்கு அனுப்பவேண்டிய ஆட்களின் அளவைப் பொறுத்தே அமைந்திருக்க வேண்டும். அழகுக்காகச் சேர்த்து வைப்பது என்ற எண்ணத்திற்கு அங்கே இடம் குறைவு.

1755-இல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லுக்கு வந்த ஐதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞர்களின் உதவியுடன் இங்கு ஓர் ஆயுதச்சாலையை அமைத்தார். பின்னாளில் மைசூரை ஆண்டவரின் பீரங்கிப் படை திண்டுக்கல் மலையடிவாரத்தில் கருக்கொண்டது என்பதை இன்று கோட்டையைப் பார்க்க வருவோரில் பலர் அறியார். 1792-ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனியை எதிர்த்த விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களது ஆட்களும் ஆயுதம் வைத்திருப்பது அதன்மூலம் தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வீட்டில் இருந்த துப்பாக்கியும் வேலும் ஒரே தாளில் குற்றப்பொருளாயின. போதுமான எண்ணிக்கை சுழியம் என்பதே அந்த அறிவிப்பின் பொருள்.

தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலை

சேகரிப்பு ஒன்று எப்படி முடிவுக்கு வருகிறது என்பதற்குத் தமிழகத்தில் மிகத் தெளிவான சான்று தஞ்சாவூரில் உள்ளது. நாயக்கர் காலத்திலும் அடுத்து வந்த மராட்டியர் காலத்திலும் அங்கு ஆயுதங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. திரித் துப்பாக்கி, வாள், கட்டாரி, அங்குசம் என அதில் பலவகை உண்டு.

1799-இல் இரண்டாம் சரபோஜி கம்பெனியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடம் சென்றது. மன்னருக்குக் கோட்டையும் ஆண்டுத்தொகையும் எஞ்சின. போரிட நாடில்லை, ஆனால் ஆயுதச்சாலை இருந்தது. அந்த நாள் முதல் அது படைக்கலக் கொட்டில் என்ற நிலையிலிருந்து மாறி ஒரு சேகரிப்பாகிவிட்டது எனலாம். பயன் நின்ற இடத்தில் சேகரிப்பு தொடங்குகிறது.

1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். கம்பெனி அரசு தஞ்சை அரசுரிமையை முடித்து வைத்ததுடன் அரண்மனைச் சொத்துகளையும் கைப்பற்றியது. அரசி காமாட்சிபாய் சாகேபா தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அந்நடவடிக்கை அரசின் இறையாண்மைச் செயல், நீதிமன்றம் அதில் தலையிட முடியாது என்று 1859-இல் தீர்ப்பாயிற்று.

1863-இல் ஆயுதங்களின் முறை வந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக அப்போது இருந்தவர் கேப்டன் ஜெஸ்ஸி மிட்செல். ஆயுதக் குவியலில் சிறந்தவை அருங்காட்சியகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. மற்றவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. சென்னை மாகாணக் குடிமைப் பணியில் இருந்த வால்ஹவுஸ் என்பவர் 1878-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் இதைப் பற்றி எழுதியுள்ளார்.

இங்கே இரண்டு அளவுகோல்கள் மோதுகின்றன. அருங்காட்சியகம் வகையை நாடுவது. ஒரு வகைக்குச் சிறந்த மாதிரிகள் கிடைத்துவிட்டால் அதன் தேவை நிறைவேறிவிடும். அரண்மனைக்கோ நூறு துப்பாக்கிகள் என்பது நூறு வீரர்கள். ஒரே மாதிரியான துப்பாக்கிகள் அருகருகே நின்றதுதான் அந்த அரசின் வலிமையைக் காட்டியது. மிகை என்று கழிக்கப்பட்ட அந்தப் பகுதியில்தான், எத்தனை பேர் எப்படி ஆயுதம் தாங்கினர் என்ற செய்தி இருந்தது. இரும்பு எடைக்குப் போனபோது அதுவும் போயிற்று. மிட்செலை மட்டும் குறை சொல்வதில் பொருளில்லை. அவர் எடுத்து வைத்திராவிட்டால் எஞ்சியவையும் உருக்குலைக்குத்தான் போயிருக்கும்.

தஞ்சைக் கட்டாரிகள் சில பிற்காலத்தில் கடல் கடந்தும் சென்றன. அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜார்ஜ் கேமரூன் ஸ்டோன் வைத்திருந்தவை, 1935-இல் அவர் இறந்தபின் அவரது விருப்ப ஆவணப்படி நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. தஞ்சைப் பீரங்கிமேட்டில் உள்ள பீரங்கியை எவரும் கொண்டுபோகவில்லை. ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளமுள்ள அந்த இரும்புப் பீரங்கியை அதன் எடையே காத்தது போலும்.

சட்டம் சொல்லும் எண்

1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மானாவாரி வேளாண்மை நடக்கும் குஜிலியம்பாறை போன்ற பகுதிகளுக்குப் பொருந்தும் ஒரு செய்தி அதில் உண்டு. பயிர்ப் பாதுகாப்பு என்ற உண்மையான தேவைக்காக, குழலின் வாய்வழியே மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கோரலாம் என அதன் 13-ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் காவல் துப்பாக்கி பெரும்பாலும் சத்தம் எழுப்பி விரட்டும் கருவியாகவே மிஞ்சியது.

ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதற்கு 1983-ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று என்று வரம்பு கட்டியது. 2019-இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா அதை ஒன்றாகக் குறைக்க முன்வந்தது. எதிர்ப்பு எழவே, இரண்டு என்று முடிவாயிற்று. கூடுதலாக வைத்திருந்தோர் ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பரம்பரையாக வந்த துப்பாக்கிக்கும் இதே வரம்புதான். துப்பாக்கி சுடும் போட்டி வீரர்களுக்கு மட்டும் தகுதிக்கேற்பக் கூடுதல் எண்ணிக்கை அனுமதிக்கப்படுகிறது.

ஒருவரின் உரிமத்தில் மூன்று துப்பாக்கிகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம்: பாட்டனார் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி, தந்தையின் ரைபிள், தாமே வாங்கிய கைத்துப்பாக்கி. எதை விடுவது என்பது மட்டுமே அவருடைய முடிவு. பாதுகாப்பைக் கருதினால் பாட்டனாருடையது போகும். நினைவைக் கருதினால் கைத்துப்பாக்கி போகும்.

சட்டத்தின் 45-ஆம் பிரிவு ஒரு சிறு வழியைத் திறந்து வைத்துள்ளது. வழக்கொழிந்த அமைப்புடையதாகவோ தொன்மைச் சிறப்புடையதாகவோ பழுதடைந்ததாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத ஆயுதத்திற்கு இச்சட்டம் பொருந்தாது. அத்தகையவற்றுக்கு எண்ணிக்கை வரம்பும் இல்லை. சுட முடியாத துப்பாக்கியை மட்டும் ஒருவர் தம் விருப்பப்படி எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம்.