கஞ்சிக்கோட்டிலிருந்து ஃபோர்ட் கொச்சி: சனிக்கிழமை போனால் எதைத் தவறவிடுவீர்கள்?

ஸ்பெயினின் காதிஸ், பார்சிலோனா மாதிரி ஒரு பழைய துறைமுக நகரத்தைப் பார்க்கணும் என்று உங்களுக்கு ஆசை. ஆனால் ஷெங்கன் விசாவுக்கே 90 யூரோ. கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கிறீர்கள் என்றால், அதே கதையின் இன்னொரு முனை மூன்று மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறது: ஃபோர்ட் கொச்சி.

ஸ்பெயினுக்கும் கொச்சிக்கும் என்ன தொடர்பு?

இரண்டு தொடர்புகள் உண்டு. கொச்சியில் 1503-லேயே கோட்டை கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1580-ல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் போர்ச்சுகலுக்கும் மன்னரானார். அதனால் 1640 வரை, அறுபது ஆண்டுகள், கொச்சிக் கோட்டை ஸ்பெயின் மன்னர்களின் கீழ்தான் இருந்தது.

இரண்டாவது தொடர்பு அதற்கும் முந்தையது. 1492-ல் ஸ்பெயின் தன் நாட்டு யூதர்களை வெளியேற்றியது. அப்படிச் சிதறியவர்களில் சிலர் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களும் பிறகு வந்த மற்ற யூதர்களும் சேர்ந்துதான் 'பரதேசி யூதர்கள்' ஆனார்கள். மட்டாஞ்சேரியில் கொச்சி ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்திலேயே 1568-ல் அவர்களின் சினகாக் எழுந்தது. ஸ்பெயின் துரத்தியவர்களுக்கு இங்கே ராஜாவின் பக்கத்து வீடு கிடைத்தது!

எந்த நாளில் போகலாம்?

பலர் சொதப்புவது இங்கேதான். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சினகாக்குக்கு சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் விடுமுறை. புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு நடக்கும். எனவே ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஞாயிறுதான் பெஸ்ட். காலையில் மட்டாஞ்சேரி, மதியத்துக்கு மேல் தேவாலயம், மாலையில் கடற்கரை.

எப்படிப் போவது?

கஞ்சிக்கோடு ஸ்டேஷனில் நிற்கும் ரயில்கள் குறைவு. பாலக்காடு ஜங்ஷனுக்குப் போய் எர்ணாகுளம் ரயிலைப் பிடியுங்கள். அங்கிருந்து ஆட்டோவில் ஹைகோர்ட் படகுத்துறை. 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ, 2024 ஏப்ரல் முதல் ஃபோர்ட் கொச்சிக்கும் ஓடுகிறது. பயணம் சுமார் 20 நிமிடம். காரில் போனால் தேசிய நெடுஞ்சாலை 544-ஐப் பிடித்தால் போதும். ஆனால் ஃபோர்ட் கொச்சியின் குறுகிய தெருக்களில் பார்க்கிங் தேடியே பாதி நாள் போய்விடும்.

எதையெல்லாம் பார்க்கணும்?

அரண்மனையை 1555 வாக்கில் போர்ச்சுகீசியர்கள் கட்டி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் 'டச்சு அரண்மனை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உள்ளே ராமாயணச் சுவரோவியங்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

சினகாக்கில் தரையைப் பாருங்கள். சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீல நிற ஓடுகள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்த வாஸ்கோ டகாமாவைப் புதைத்தது புனித பிரான்சிஸ் தேவாலயத்தில்தான். உடலின் எச்சங்கள் பின்னர் போர்ச்சுகலுக்குப் போய்விட்டன. கல்லறைக்கல் இங்கேயே இருக்கிறது.

கடற்கரையில் சீன வலைகள். கயிறு இழுக்க உங்களைக் கூப்பிடுவார்கள். எவ்வளவு தரணும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அது பிழைப்பு.

போகும் முன் ஒரு விஷயம்

யூத வழிபாட்டு முறைப்படி முழுமையான கூட்டு வழிபாட்டுக்குப் பாரம்பரியமாக பத்து ஆண்கள் வேண்டும். இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். இன்று மட்டாஞ்சேரியில் அந்தப் பத்துப் பேர் இல்லை. சினகாக் தெருவில் இப்போது இருப்பவை பெரும்பாலும் கலைப்பொருள் கடைகளும் வாசனைப்பொருள் கடைகளும்தான்.

ஆனாலும் சனிக்கிழமை என்றால் அந்தக் கதவு இன்றும் திறப்பதில்லை. டிக்கெட் வருமானம் அதிகம் வரக்கூடிய வார இறுதியிலும் அப்படித்தான். தெரியாமல் சனிக்கிழமை போய் நின்றுவிட்டீர்களா? கடுப்பாகாதீர்கள். அந்தச் சமூகத்தின் ஓய்வுநாள் இந்தத் தெருவில் இன்னும் முடிந்துவிடவில்லை என்பதற்கு அந்தப் பூட்டுதான் சாட்சி.