தேர்ந்தெடுக்கும் உரிமை: கல்லூரிப் பயிற்சியாளர் என்.பி.ஏ.வுக்குச் செல்லும்போது இழப்பது என்ன?

2024 ஏப்ரலில் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி பர்டூ அணியை 75–60 என்று வென்று, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் பட்டத்தைத் தொடர்ந்து இரண்டாம் முறையாகப் பெற்றது. இரண்டு மாதம் கழித்து அதன் பயிற்சியாளர் டான் ஹர்லியை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.வின் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி அழைத்தது. ஆறாண்டுக்கு 7 கோடி டாலர் தர முன்வந்ததாகச் செய்திகள் கூறின. ஜூன் 10 அன்று அவர் மறுத்தார். சிலர் அதைப் பல்கலைக்கழகப் பற்று என்றார்கள், சிலர் தயக்கம் என்றார்கள். எனக்கு இரண்டு விளக்கமும் நிறைவளிக்கவில்லை. அவர் கையில் இருந்த அதிகாரம் எத்தகையது, அது லாஸ் ஏஞ்சல்ஸுக்கு உடன் வருமா என்று கேட்டால்தான் அந்த முடிவு விளங்கும்.

கல்லூரியில் வென்றவர்கள் தொழில்முறைக் களத்தில் தோற்பதற்கு ஆட்டத்தின் வேறுபாட்டையே வழக்கமாகக் காரணம் காட்டுகிறார்கள். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். அங்கே 30 நொடிக்குள் பந்தை எறிய வேண்டும், இங்கே 24 நொடி. கல்லூரியில் பருவத்துக்கு ஏறக்குறைய 35 ஆட்டங்கள், என்.பி.ஏ.வில் 82. பயிற்சிக்குக் கிடைக்கும் நாள்கள் குறைகின்றன என்பது உண்மைதான். ஆயினும் இந்த விளக்கம் நெடுந்தூரம் செல்லாது. டியூக் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருந்த மைக் ஷெஷெவ்ஸ்கி 2004இல் லேக்கர்ஸின் அழைப்பை மறுத்தவர். அவரே அமெரிக்க தேசிய அணிக்குப் பொறுப்பேற்று, கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் போன்ற என்.பி.ஏ. நட்சத்திரங்களைக் கொண்டு 2008, 2012, 2016 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஆட்ட அறிவில் குறையிருந்தால் இது நடந்திருக்காது. அந்த அணி திரட்டப்பட்ட அணி; விரும்பி வந்தவர்களில் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட அணி.

கல்லூரிப் பயிற்சியாளரின் வலிமை இங்கேதான் இருக்கிறது. பதினேழு வயதுப் பையனின் வீட்டுக்கே போய், அவன் தாயிடமும் தந்தையிடமும் பேசி, அவனை அழைத்து வருபவர் அவர். தனக்கு ஒத்துவராதவனை அவர் அழைக்கவே வேண்டியதில்லை. என்.பி.ஏ.வில் புதுமுக வீரர்கள், அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வரிசைப்படி வருகிறார்கள். மற்றவர்களை நிர்வாகம் ஊதிய உச்சவரம்புக்குள் வாங்குகிறது, மாற்றுகிறது. முன்னணி வீரரின் சம்பளம் பயிற்சியாளரின் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. இருவருக்கும் பிணக்கு வந்தால் யார் வெளியேறுவார் என்பதில் பெரும்பாலும் ஐயமில்லை.

அப்படியானால் அந்த உரிமையையும் சேர்த்துக் கேட்டு வாங்கினால் என்ன? ரிக் பிட்டினோ அதைத்தான் செய்தார். 1996இல் கென்டக்கிக்குத் தேசியப் பட்டம் வென்று தந்த அவர், 1997இல் பாஸ்டன் செல்டிக்ஸின் பயிற்சியாளராகவும் தலைவராகவும் பொறுப்பேற்றார். அவ்வாண்டு டிராஃப்ட் குலுக்கலில் முதலிடம் கிடைக்க, அதாவது அவ்வாண்டின் முதன்மையான புதுமுக வீரர் டிம் டங்கன் கிடைக்க, செல்டிக்ஸுக்கு ஏறத்தாழ 36 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. வந்தவையோ மூன்றாம் இடமும் ஆறாம் இடமும். மூன்றாம் இடத்தில் எடுத்த சான்சி பில்லப்ஸை 51 ஆட்டங்களிலேயே டொரான்டோவுக்கு மாற்றிவிட்டார். அதே பில்லப்ஸ் 2004இல் டெட்ராய்ட் பட்டம் வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த வீரர். கல்லூரியில் தேர்வு தவறினால் அடுத்த ஆண்டே புதிய மாணவர்களைக் கொண்டு சரிசெய்யலாம். ஒப்பந்தமும் உச்சவரம்பும் ஆளும் கழகத்தில் ஒரு தவறு ஆண்டுக்கணக்கில் கூடவே வரும். 102 வெற்றி, 146 தோல்வியோடு 2001 ஜனவரியில் பிட்டினோ விலகினார். கருதத்தக்க இன்னொன்றும் உண்டு. 1988–89 பருவத்தில் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு 52 வெற்றி தேடித் தந்தவரும் இவரே. அப்போதும் களம் முழுக்க நெருக்கும் அதே தடுப்பாட்டம்தான். வீரர்களைத் தேர்ந்தெடுத்தவர் மட்டும் வேறொருவர்.

கல்லூரியிலிருந்து என்.பி.ஏ.வின் நியூஜெர்சி நெட்ஸுக்குச் சென்ற ஜான் காலிபாரிக்கும் நேர்ந்தது ஏறக்குறைய இதுவே. 1999இல் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்ட அவர், கல்லூரிக்குத் திரும்பி 2012இல் கென்டக்கியோடு பட்டம் வென்றார்.

பிராட் ஸ்டீவன்ஸின் கதை வேறு. அவர் பயிற்சியளித்த, இன்டியானாபொலிஸில் உள்ள பட்லர் சிறிய பல்கலைக்கழகம். நாடே தேடிய இளம் வீரர்கள் அங்கே வரவில்லை. கிடைத்தவர்களைக் கொண்டே 2010, 2011 இறுதிப் போட்டிகளுக்கு அவர் சென்றார். 2013இல் செல்டிக்ஸ் அவருக்கு ஆறாண்டு ஒப்பந்தம் தந்தது. முதல் பருவத்தில் 25 வெற்றி, 57 தோல்வி, நிர்வாகம் பொறுத்தது. பின்னர் மூன்று முறை கிழக்குப் பிரிவு இறுதிக்கு அணியைக் கொண்டுசென்றார். கொடுக்கப்பட்டதை வைத்து வேலை செய்யும் பழக்கம் அவருக்குக் கல்லூரியிலேயே கைவந்திருந்தது என்பதே என் கணிப்பு.

தேர்வுரிமையே கல்லூரிப் பயிற்சியாளரின் வலிமை என்ற இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 2021 முதல் மாணவ வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். ஓராண்டு காத்திராமல் பல்கலைக்கழகம் மாறலாம். ஆகவே கல்லூரியும் தொழில்முறைக் களமாகிவிட்டது, பழைய பிடி தளர்ந்துவிட்டது என்பது அந்த மறுப்பு. பிடி தளர்ந்தது உண்மை. தேர்வுரிமை தளரவில்லை, விரிந்திருக்கிறது. ஹர்லியின் 2024 அணியில் ட்ரிஸ்டன் நியூட்டன் கிழக்கு கரோலைனாவிலிருந்தும், கேம் ஸ்பென்சர் ரட்கர்ஸிலிருந்தும் வந்தவர்கள். அவரே பார்த்துச் சேர்த்தவர்கள். லேக்கர்ஸில் அவருக்காகக் காத்திருந்தது மற்றவர்கள் அமைத்த அணி. மறுத்தபின் ஆறாண்டுக்கு 5 கோடி டாலருக்குக் கனெக்டிகட்டிலேயே அவர் ஒப்பந்தம் செய்துகொண்டது, தன் வலிமை எங்கே இருக்கிறது என்று அறிந்தவரின் முடிவு.

ஹர்லி மறுத்து ஒரு வாரத்தில், 2024 ஜூன் 17 அன்று, செல்டிக்ஸ் என்.பி.ஏ. பட்டம் வென்றது. அப்போது ஸ்டீவன்ஸ் பயிற்சியாளர் இருக்கையில் இல்லை. 2021இலேயே வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகப் பொறுப்புக்கு அவர் மாறியிருந்தார்.