பக்க அட்டவணையும் குறுக்குவழிகளும்: ஸென் பிழைகளின் வரலாறு, 2003–2022

ஒரு கணினியின் நினைவகத்தில் எந்தப் பக்கம் யாருக்கு உரியது என்பதைச் செயலிக்குச் சொல்வது பக்க அட்டவணை. ஒரே எந்திரத்தில் பல கெர்னல்கள் ஓடும்போது அந்த அட்டவணையை எழுதும் உரிமை யாருக்கு? பல கெர்னல்களை ஒரே எந்திரத்தில் ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர்களில் ஒன்று ஸென்; அதைப் பற்றி 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த கட்டுரை இதற்குத் துணிச்சலான விடை ஒன்றைத் தந்தது. ஹைப்பர்வைசரின் மேல் ஓடும் கெர்னலின், அதாவது கெஸ்டின், அட்டவணைக்கு மறைவாக ஒரு நிழல் நகலைப் பராமரிப்பதே அதுவரை வழக்கம். ஸென் அந்த நகலைக் கைவிட்டு, கெஸ்டின் அட்டவணையையே நேராகச் செயலியிடம் கொடுத்தது. கெஸ்ட் அதைப் படிக்கலாம். மாற்ற வேண்டுமென்றால் ஹைப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். பத்திரத்தை யார் எழுதினாலும் சார்பதிவாளர் பதிந்தால்தான் செல்லும் என்பது போன்ற ஏற்பாடு இது.

இதன் அடிப்படை விதி ஒன்றே: ஒரு நினைவகச் சட்டகம் ஒரே நேரத்தில் பக்க அட்டவணையாகவும் கெஸ்ட் எழுதக்கூடிய பக்கமாகவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு வகையையும் எண்ணிக்கையையும் வைத்து ஸென் இதைக் காத்தது. விதியில் ஓட்டை இல்லை என்பதே என் கணிப்பு. ஆனால் ஒவ்வொரு முறையும் அதைச் சரிபார்க்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தப் போட்ட குறுக்குவழிகளில்தான் பெரும் பிழைகள் பல பிறந்தன.

ஸென்னின் மேல் கெஸ்டாக ஓடும் லினக்ஸ் தரப்பின் சிக்கல் வேறு மாதிரியானது. 2007இல் 2.6.23 பதிப்பில் ஸென் கெஸ்ட் ஆதரவு சேர்ந்ததிலிருந்து, ஒரே பக்கத்துக்கு இரண்டு எண்கள் உண்டு: கெஸ்ட் தனக்குள் எண்ணிக்கொள்ளும் எண் ஒன்று, எந்திரத்தின் உண்மையான எண் மற்றொன்று. அட்டவணையில் இருப்பது இரண்டாவது. அதைப் படிக்கும்போது கெர்னல் மொழிபெயர்த்துக்கொள்ளும், 'பக்கம் இருக்கிறது' என்ற பிட் எரிந்தால் மட்டும். அது அணைந்திருந்தால், அங்கே இருப்பது பக்க எண்ணே அல்ல என்று எடுத்துக்கொள்ளும். பிறகு, பக்கங்களை அவற்றைத் தொடும் செயலிக்கு அருகே நகர்த்தும் நூமா சமநிலைப்படுத்தல் லினக்ஸில் வந்தது. எந்தச் செயலி எந்தப் பக்கத்தைத் தொடுகிறது என்று கண்டறிய, நினைவகத்தில் உண்மையில் இருக்கும் பக்கத்தின் அந்தப் பிட்டையே அது வேண்டுமென்று அணைத்தது. எந்திர எண் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே கெர்னலுக்குள் போயிற்று. ஸென் கெஸ்ட் ஒன்றில் விஎஸ்எஃப்டிபிடி என்ற கோப்புப் பரிமாற்ற நிரலைத் தொடங்கும்போது 'கெட்ட பக்க வரைபடம்' என்று கெர்னல் முறையிட்டது அப்படித்தான். 2014 தொடக்கத்தில் வந்த பேட்ச், மொழிபெயர்க்கும் இடத்தில் நூமா அடையாளத்தையும் பார்க்கச் சொன்னது. அது தற்காலிக மருந்துதான். 2015இல் வெளியான 4.0 கெர்னலில் அந்தத் தனி அடையாளமே நீக்கப்பட்டது. நல்ல திருத்தம் பெரும்பாலும் நிபந்தனையைக் கூட்டாது, குறைக்கும்.

ஹைப்பர்வைசர் தரப்பில் விளைவு இன்னும் கடுமையானது. அங்கே பிழை என்றால் கெஸ்ட் வெளியேறி முழு எந்திரத்தையும் பிடித்துக்கொள்வது. 2015 அக்டோபரில் வெளியான ஸென் பாதுகாப்பு அறிவிப்பான எக்ஸ்எஸ்ஏ-148, பல நிலைகள் கொண்ட பக்க அட்டவணையின் இரண்டாம் நிலைப் பதிவின் சோதனை சில சூழல்களில் தாண்டப்படுவதைச் சொன்னது. இரண்டாம் நிலைப் பதிவில் பெரிய பக்கத்துக்கான பிட்டை வைத்தால் 2 எம்பி முழுவதும், அதாவது 512 சட்டகங்கள், ஒரே வீச்சில் எழுதக்கூடியவை ஆகிவிடும். அவற்றுள் வேறு பக்க அட்டவணைகள் இருந்தாலும் கேட்பாரில்லை. 2009இல் வந்த 3.4 பதிப்பு முதலே இந்த ஓட்டை இருந்தது. எல்லோரும் படிக்கக்கூடிய மூலநிரலில் ஆறு ஆண்டுகளுக்கு மேல்!

அடுத்த ஆண்டே எக்ஸ்எஸ்ஏ-182. ஏற்கெனவே சரிபார்த்த பதிவில் சில பிட்கள் மட்டும் மாறினால் மறுசோதனை வேண்டாம் என்பது இங்கே குறுக்குவழி. 'தொடப்பட்டது', 'எழுதப்பட்டது' என்ற பிட்களுக்கு அது பொருந்தும். ஆனால் பாதுகாப்பானவை என்று கருதிய பிட்களின் பட்டியல் தேவைக்கு மேல் நீண்டு, எழுதும் உரிமை பிட்டும் அதில் இருந்தது. அட்டவணை தன்னையே சுட்டும் பதிவு ஒன்றைப் படிக்க மட்டும் என்று சட்டப்படி வைத்துவிட்டு, பிறகு அந்த ஒரு பிட்டைத் திருப்பினால் போதும், கெஸ்ட் தன் பக்க அட்டவணையில் நினைத்ததை எழுதலாம். பட்டியலைச் சுருக்கியதே திருத்தம்.

இதற்கிடையே வன்பொருள் மாறியிருந்தது. ஏஎம்டி 2007இலும், இன்டெல் 2008இல் நெஹலெம் செயலியிலும் இரண்டு அடுக்கு அட்டவணையைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்தன. கெஸ்ட் தன் அட்டவணையை விருப்பம்போல் எழுதலாம். இரண்டாம் அடுக்கு ஹைப்பர்வைசரின் தனிச் சொத்து. இதற்கும் விலை உண்டு: நான்கு நிலை அட்டவணைகளில் ஒரு முகவரியைத் தேட 24 முறை வரை நினைவகத்தைத் தொட நேரலாம். ஆயினும் பாதுகாப்பையே முதன்மையாகக் கொண்ட க்யூப்ஸ் இயங்குதளம், இந்தப் பிழைகளால் சலித்து, 2018இல் வெளிவந்த 4.0 பதிப்பில் தன் கெஸ்ட்களை வன்பொருள் வழிக்கு மாற்றியது.

பழைய வழி அதோடு மறையவில்லை. 2022 ஜூனில் வெளியான எக்ஸ்எஸ்ஏ-401 குறிப்பிடுவது, சட்டகத்தின் வகையை மாற்றும்போது செயலியின் முகவரித் தற்காலிக நினைவைத் துடைக்கும் வேலை சற்று முன்னதாகவே நடந்துவிடுவதை. துடைத்த பின்பும் எழுதத் தடை விதிப்பதற்கு முன்பும் கிடைக்கும் நொடித்துணுக்கில் கெஸ்ட் பழைய உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது. முதலில் தடை, பிறகு துடைப்பு என்று வரிசையை மாற்றியதும் அந்த இடைவெளி மூடியது. பல நிறுவல்களில் ஸென்னின் முதன்மைக் கட்டுப்பாட்டு கெர்னலான டாம்0 இன்னும் பழைய முறையில்தான் இயங்குகிறது.