இலை விழும் ஓடை: சப்ரகமுவ மலைச்சரிவுகளில் நைதரசனும் காபனும்

சப்ரகமுவவின் அரநாயக்க மலைகளில் ஊறும் ஓடைகள் மகா ஓயாவில் கலந்து, நீர்கொழும்புக்கு வடக்கே கொச்சிக்கடையில் கடலைச் சேர்கின்றன. அந்த நீரில் எவ்வளவு நைதரசனும் காபனும் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது கரையில் நிற்கும் மரமும் சரிவில் நடக்கும் பயிர்ச்செய்கையும்தான். விஞ்ஞானம் இந்த முடிவுக்கு வந்து அறுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. சப்ரகமுவச் சரிவுகளோ அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே உருமாறத் தொடங்கிவிட்டன.

1963இல் அமெரிக்காவின் ஹப்பார்ட் புரூக் காட்டில் போர்மன், லைக்கன்ஸ் ஆகியோரும் அவர்களது சகாக்களும் ஒரு நீரேந்து பகுதிக்குள் வருவதையும் அதிலிருந்து வெளியேறுவதையும் அளக்கத் தொடங்கினர். 1965ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சரிவின் மரங்கள் முழுவதையும் வெட்டி, மீண்டும் தளிர்க்காதபடி பின்னர் களைகொல்லியும் தெளித்தனர். அதன்பின் முதல் ஆண்டிலேயே ஓடைநீரில் நைத்திரேற்று ஏறத்தாழ நாற்பது மடங்காகியது. அதை உறிஞ்சிவந்த வேர்கள் இல்லாமற்போனதும் மண்ணில் உருவான நைத்திரேற்று மழையோடு இறங்கிவிட்டது. 1973இல் ஃபிஷரும் லைக்கன்ஸும் அதே காட்டின் ‘பெயர் புரூக்’ (Bear Brook) என்னும் சிற்றோடையின் சக்திக் கணக்கை வெளியிட்டனர். ஓடைக்குக் கிடைத்த சக்தியில் 99 வீதத்துக்கும் மேற்பட்ட பங்கு சுற்றியுள்ள காட்டிலிருந்தே வந்திருந்தது. நிழல் மூடிய ஓடையில் பாசி வளர வெளிச்சம் போதாது. உதிர்ந்த இலையே அங்கு உணவு.

அந்த இலைக்கு என்ன நடக்கிறது? நீரில் விழுந்ததும் கரையக்கூடிய சேர்வைகள் முதல் ஓரிரு நாட்களிலேயே கசிந்துவிடும். பிறகு பூஞ்சணம் படர்ந்து இலையை மென்மையாக்கும். இலையில் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. ஆகவே பூஞ்சணமும் பற்றீரியாவும் காபனை உண்ணும்போது தமக்குப் போதாத நைதரசனை ஓடும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. நண்டும் பூச்சிக் குடம்பிகளும் அவை படர்ந்த இலையைக் கடித்துத் துகளாக்குகின்றன. இதில் ஒரு பகுதி காபன் காபனீரொட்சைட்டாகக் காற்றுக்குத் திரும்புகிறது, மீதி கீழ்நோக்கிப் போகிறது. படுகை மணலுக்கடியில் ஒட்சிசன் குறைந்த இடங்களில் வேறுவகைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனைப் பயன்படுத்தி, நைதரசனை வாயுவாக வெளியேற்றுகின்றன. அந்த வேலைக்கும் இலைக்காபன் வேண்டும். இவ்விரு சுழற்சிகளையும் தனித்தனியே படிப்பது பயன்தராது என்று நான் கருதுவது இதனால்தான்.

சப்ரகமுவவில் இந்த ஏற்பாடு எப்போது குலைந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் இலங்கையின் மலைக்காடுகள் வேகமாக அழிந்தன. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையைத் தொடர்ந்து, 5,000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளை அழிப்பதைக் குடியேற்ற அரசு தடுத்தது. அரநாயக்கவின் சரிவுகள் அந்த உயரத்துக்கு மிகக் கீழே இருப்பவை. தாழ்மலை மழைக்காடு அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் பெருகியபோது அரநாயக்க அடங்கிய கேகாலை மாவட்டம் அதன் முக்கிய நிலமாகியது.

இறப்பர் மரமும் நிழல் தரும் மரமே. ஆனால் மழைக்காடு ஆண்டு முழுவதும் பலவகை இலைகளைச் சிறிது சிறிதாக உதிர்க்க, இறப்பர் தை, மாசியில் மொத்தமாக இலை கொட்டும். பல இனங்களின் இலை வந்த ஓடைக்கு ஒரே இனத்தின் இலை, அதுவும் பெரும்பாலும் ஒரே பருவத்தில் வந்து சேர்கிறது. இளம் இறப்பருக்கிடையே மண்மூடியாக வளர்க்கும் பியுரேரியா போன்ற அவரையினக் கொடிகள் வேறு, காற்றின் நைதரசனை மண்ணில் சேர்க்கின்றன.

இச்சரிவுகளின் தேயிலை நிலத்திலோ யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் சேர்ந்தன. பயிர் எடுக்காத நைதரசன், அடைமழையில் கான் எனப்படும் வடிகால் வழியே ஓடைக்கு வருகிறது. கானுக்குள் இடையிடையே மண்கட்டு விட்டு வெட்டினால் மண் தங்கும்; ஆனால் கரைந்த நைத்திரேற்றை மண்கட்டு பிடித்துவைக்காது. ஜப்பானின் ஷிசுவோக்கா தேயிலைப் பகுதியில் மிகை உரத்தால் நீர்நிலைகளில் நைத்திரேற்று ஏறியது நன்கு ஆராயப்பட்ட உண்மை.

இந்தச் சுமையை ஓடையே தீர்த்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. 2001இல் பீற்றர்சன் குழுவினர் சிற்றோடைகளே நைதரசனை மிக விரைவாகப் பிடிக்கின்றன என்று காட்டினர். ஆனால் 2008இல் முல்ஹோலண்ட் குழுவினர் 72 ஓடைகளை ஆராய்ந்து, நைத்திரேற்றின் செறிவு கூடக்கூட அதை நீக்கும் திறன் குறைகிறது என்று நிறுவினர். மகா ஓயாவில் நடக்கும் மணல் அகழ்வை இந்த வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். கரை இடிவதும் கிணறு வற்றுவதும் கண்ணுக்குத் தெரியும் கேடுகள். நைத்திரேற்றை வாயுவாக்கும் பற்றீரியாக்களின் இருப்பிடமும் அந்த மணலோடு லொறியேறிப் போவது கண்ணுக்குத் தெரியாத கேடு.

2016 மே 17 அன்று, பல நாள் அடைமழைக்குப் பின், அரநாயக்கவின் சாமசர மலை சரிந்தது. எலங்கபிட்டிய, சிரிபுர, பல்லேபாகே கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். உயிரிழப்பின் முன் வேறு எந்தக் கணக்கும் சிறியதே. எனினும் நீண்ட காலமாக மண்ணில் சேர்ந்த காபனும் நைதரசனும் ஒரே நாளில் பள்ளத்தாக்குக்கு இறங்கியதும் இந்த வரலாற்றில் சேரவேண்டிய நிகழ்வே.

தோட்ட நிர்வாகங்களும் சிறுபற்று உடைமையாளர்களும் செய்யக்கூடியது கடினமானதல்ல. ஓடையின் இரு கரையிலும் நாட்டு மரங்கள் பலவகையாக வளர இடம் விடுங்கள். அந்த இடத்தில் உரம் போடாதீர்கள். கானை நேரே ஓடைக்குள் திருப்பாமல், மரங்கள் நிற்கும் கரைமண்ணில் பரவி ஊறும்படி விடுங்கள்.